எங்கே நிற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் உடைக்க முடியவில்லை: 2013 சியாட்டில் சீஹாக்ஸ் தடுப்பாட்டத்தை எப்படி மதிப்பிடுவது?

2014 பிப்ரவரி 2. நியூ ஜெர்சியின் மெட்லைஃப் ஸ்டேடியத்தில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி, சூப்பர் பவுல் 48. ஒரு பக்கம் டென்வர் பிராங்கோஸ். அந்த சீசனின் 16 லீக் ஆட்டங்களில் அவர்கள் குவித்தது 606 புள்ளிகள். என்எஃப்எல் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் எட்டாத எண் அது. அவர்களின் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் 55 டச் டவுன் பாஸ், 5,477 யார்டு என்று இரண்டு சாதனைகளோடு வந்திருந்தார்.

எதிரே சியாட்டில் சீஹாக்ஸ். அதே சீசனில் அவர்கள் விட்டுக்கொடுத்தது 231 புள்ளிகள் மட்டுமே. லீக்கிலேயே குறைவு அதுதான்.

முடிவு: சியாட்டில் 43, டென்வர் 8.

'லீஜியன் ஆஃப் பூம்' என்று பட்டப்பெயர் வாங்கிய அந்தப் பின்வரிசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், விவாதம் சீக்கிரமே ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். 'எல்லாம் கோச் போட்ட திட்டம்' என்பது ஒரு கட்சி. 'அந்த ஆட்கள் இருந்தா எந்தத் திட்டமும் ஜெயிக்கும்' என்பது இன்னொரு கட்சி. எது சரி? அதை எண்களை வைத்தே பார்க்கலாம். எண்கள் எங்கே கைவிடுகின்றன என்பதையும் சேர்த்து.

முதலில், இந்த ஆட்டம் எப்படி?

நாம் ஃபுட்பால் என்று சொல்வது இதை அல்ல. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டைவடிவப் பந்தோடு ஆடுவார்களே, அது. ஓர் அணிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 யார்டு, அகலம் சுமார் 53 யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளிகள்.

தடுக்கும் அணியை மூன்று அடுக்காகப் பாருங்கள். முன்வரிசை நான்கு பேரின் வேலை, பந்தை வீசும் குவாட்டர்பேக்கை நெருக்குவது. நடுவரிசை மூன்று பேர் லைன்பேக்கர்கள். கடைசி நான்கு பேர்தான் செகண்டரி எனப்படும் பின்வரிசை: இரண்டு ஓரங்களிலும் தலா ஒரு கார்னர்பேக், உள்ளே இரண்டு சேஃப்டி. பந்தைப் பிடிக்க ஓடிவரும் ரிசீவர்களைக் கவனிப்பது இவர்கள் பொறுப்பு. முன்வரிசை தவறினால் 5 யார்டு போகும். பின்வரிசை தவறினால் டச் டவுனே போகும்.

சியாட்டிலின் திட்டம் என்ன?

தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் 2010-ல் சியாட்டிலுக்கு வந்தார். 1980களில் மின்னசோட்டா வைகிங்ஸ் அணியில் பின்வரிசைக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் நம்பியது புதுமையான திட்டம் எதையும் அல்ல. பள்ளி அணிகளே ஆடும் 'கவர் 3'தான்.

கவர் 3 என்றால், மைதானத்தின் ஆழமான பகுதியை மூன்று பட்டைகளாகப் பிரிப்பது. 53 யார்டு அகலத்தை மூன்றாக வகுத்தால் ஆளுக்குச் சுமார் 18 யார்டு. இடது ஓரம் ஒரு கார்னர்பேக்குக்கு, வலது ஓரம் இன்னொருவருக்கு, நடு முழுக்க ஒரே ஒரு சேஃப்டிக்கு. இரண்டாவது சேஃப்டி பின்னால் நிற்காமல் முன்னே இறங்கி, லைன்பேக்கர் மாதிரி ஆடுவார்.

இதனால் என்ன லாபம்? எதிரணி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினால், அதைத் தடுக்க முன்னால் ஓர் ஆள் கூடுதலாக இருக்கிறார். கூடவே, ஆழமான பாஸுக்கு மூன்று பேர் காவல். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

கேரல் செய்த மாற்றம் கார்னர்பேக்குகள் நிற்கும் விதத்தில்தான். வழக்கமான கவர் 3-ல் அவர்கள் ஏழெட்டு யார்டு தள்ளி நிற்பார்கள். சியாட்டிலில் ரிசீவரின் முகத்துக்கு நேராக நின்றார்கள். என்எஃப்எல் விதிப்படி முதல் 5 யார்டுக்குள் ரிசீவரைக் கையால் தள்ளி மறிக்கலாம். அங்கே அரை நொடி தாமதப்படுத்திவிட்டு, பிறகு திரும்பி அவரோடு ஆழத்துக்கு ஓடவேண்டும். பார்க்க ஆளுக்கு ஆள் காவல் மாதிரி தெரியும், உண்மையில் பகுதிக் காவல். சில நேரம் அதே தோற்றத்தில் நிஜமாகவே ஆளுக்கு ஆள் ஆடுவார்கள். பந்து கிளம்பும்வரை குவாட்டர்பேக்குக்கு எது எது என்று தெரியாது.

அவர்கள் மறைத்தது அந்த ஒன்றைத்தான். மற்றபடி யார் எங்கே நிற்பார் என்பது வாரா வாரம் எல்லாருக்கும் தெரிந்ததே.

இந்தத் திட்டத்தின் ஓட்டை எது?

மூன்று பட்டை என்றால் நடுவில் இரண்டு தையல்கள் இருக்கும் இல்லையா? கவர் 3-ன் பழைய வியாதி அதுதான். நான்கு ரிசீவர்களை நேராக ஆழத்துக்கு ஓடவிட்டால், பின்னால் இருக்கும் மூன்று பேர் நான்கு பேரைப் பார்க்கவேண்டும். நடு சேஃப்டி இடது தையலுக்குப் போனால் வலது தையல் திறந்துவிடும்.

இரண்டாவது ஓட்டை, முன்பகுதியின் இரு ஓரங்கள். கார்னர்பேக் ஆழத்துக்கு ஓடிவிட்டால் அவருக்கு முன்னால் இருக்கும் இடம் காலி. சின்னச் சின்ன பாஸாகப் போட்டு நகரலாம்.

இந்த ஓட்டைகள் எல்லா கோச்சுக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஏன் உடைக்க முடியவில்லை? அதற்கு ஆட்களைப் பார்க்கவேண்டும்.

யார் அந்த நால்வர்?

எர்ல் தாமஸ், நடு சேஃப்டி. 2010 டிராஃப்டில் முதல் சுற்று, 14-வது தேர்வு. உயரம் 5 அடி 10 அங்குலம். நால்வரில் குள்ளமானவர், ஆனால் அணி அதிக விலை கொடுத்து எடுத்தது இவரைத்தான். இரண்டு தையல்களையும் ஒரே ஆளாக அடைக்கும் வேகம் இவருக்கு இருந்தது.

கேம் சான்சலர், முன்னே இறங்கும் சேஃப்டி. 2010, ஐந்தாம் சுற்று. 6 அடி 3 அங்குலம், எடை 100 கிலோவுக்கு மேல். சேஃப்டிக்கு இது அசாதாரண உடம்பு. நடுவில் குறுக்கே ஓடி பந்தைப் பிடிப்பவர்களுக்கு இவர் ஒரு சுவர்.

ரிச்சர்ட் ஷெர்மன், இடது கார்னர்பேக். 2011, ஐந்தாம் சுற்று, 154-வது தேர்வு. 6 அடி 3 அங்குலம். ஸ்டான்ஃபோர்டு பல்கலையில் ரிசீவராக ஆரம்பித்து, பிறகு தடுப்பாட்டத்துக்கு மாறியவர். ரிசீவர் எங்கே திரும்புவார் என்பதை ரிசீவராகவே யோசித்தவர். 2013-ல் 8 இன்டர்செப்ஷன், லீக்கில் முதலிடம்.

வலது கார்னர்பேக் இடத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. சீசனைத் தொடங்கியவர் பிராண்டன் பிரவுனர், 6 அடி 4 அங்குலம். கனடா லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவரை 2011-ல் கொண்டுவந்தார்கள். 2013-ன் பாதியில் காயம், பிறகு லீக்கின் தடை. அவர் இடத்துக்கு வந்தவர் பைரன் மேக்ஸ்வெல், 2011-ன் ஆறாம் சுற்றுத் தேர்வு. அணி தடுமாறியதா? இல்லை. மேக்ஸ்வெல் 4 இன்டர்செப்ஷன் எடுத்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

தாமஸ் எடுத்த 5, சான்சலரின் 3-ஐயும் சேர்த்தால், சூப்பர் பவுலில் ஆடிய இந்த நால்வர் மட்டும் சீசனில் 20 இன்டர்செப்ஷன். அணியின் மொத்தம் 28.

கவனித்தீர்களா? நால்வரில் மூவர் ஐந்து, ஆறாம் சுற்றில் வந்தவர்கள். மற்ற அணிகள் 'கார்னர்பேக்குக்கு இவ்ளோ உயரம் வேண்டாம், திரும்ப நேரமாகும்' என்று தவிர்த்த உடல்வாகைத்தான் சியாட்டில் தேடியது. முகத்துக்கு நேராக நின்று மறிக்க நீளமான கை வேண்டும். பின்னால் நடுவைக் காக்க தாமஸ் இருப்பதால், கார்னர்பேக்குக்கு எல்லாத் திறமையும் தேவையில்லை. தன் ஓரத்தைப் பார்த்தால் போதும்.

கிரெடிட் முழுக்கப் பின்வரிசைக்கா?

இல்லை. எந்தப் பின்வரிசையும் ஆறு நொடி ஓடிக்கொண்டே இருக்க முடியாது. பந்து சீக்கிரம் வெளியே வரவேண்டும், அதற்கு முன்வரிசை நெருக்கவேண்டும்.

2013 சீசனுக்கு முன் சியாட்டில் மைக்கேல் பென்னெட், கிளிஃப் ஏவ்ரில் என்ற இருவரைக் குறுகிய கால ஒப்பந்தத்தில் எடுத்தது. அந்த ஆண்டு பென்னெட் 8.5, ஏவ்ரில் 8 முறை குவாட்டர்பேக்கை வீழ்த்தினார்கள். அணியின் மொத்தம் 44. ஒருங்கிணைப்பாளர் டான் குவின் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார், அதனால் யாரும் களைக்கவில்லை. நான்கு பேரை வைத்தே நெருக்க முடிந்ததால், பின்னால் எப்போதும் ஏழு பேர் காவலுக்கு மிச்சம்.

1985 சிகாகோ பேர்ஸ் இதற்கு நேர் எதிர். பட்டி ரயன் உருவாக்கிய '46 டிஃபென்ஸ்' முன்னால் ஆட்களைக் குவித்து, எதிரணி யோசிக்கும் முன்பே அடித்து நொறுக்கும் திட்டம். அந்த ஆண்டு 64 முறை குவாட்டர்பேக்கை வீழ்த்தினார்கள். அங்கே பின்வரிசை முன்வரிசையின் நிழலில் ஆடியது. சியாட்டிலில் முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றுக்கொன்று நேரம் வாங்கிக் கொடுத்தன.

இவ்வளவு பேரை ஒரே அணியில் வைக்கப் பணம் எங்கிருந்து வந்தது? 2013-ல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 12.3 கோடி டாலர். அதில் குவாட்டர்பேக் ரசல் வில்சன் எடுத்துக்கொண்டது 7 லட்சம் டாலருக்கும் குறைவு, காரணம் அவர் 2012 மூன்றாம் சுற்றுத் தேர்வு. ஷெர்மனும் மேக்ஸ்வெல்லும் அப்போது புதுமுக ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள். திட்டம், ஆட்கள் என்று பேசும்போது இந்த மூன்றாவது காரணத்தை மறந்துவிடக்கூடாது.

சரி, வரலாற்றில் எங்கே வைப்பது?

அடிப்படை எண்கள் முதலில். 2013-ல் சியாட்டில் விட்டுக்கொடுத்த புள்ளிகளிலும் யார்டுகளிலும் குறைவு, எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்ததில் அதிகம். மூன்றிலும் லீக்கில் முதலிடம். 1985 பேர்ஸுக்குப் பிறகு இந்த மூன்றையும் ஒரே சீசனில் தொட்ட முதல் அணி இதுதான்.

ஆனால் வெவ்வேறு காலத்து அணிகளை நேரடியாக ஒப்பிடுவது தப்பு. 1985-ல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுத்தது 21.5 புள்ளிகள், 2013-ல் 23.4. விதிகளும் மாறின, பாஸ் ஆட்டமும் வளர்ந்தது. அதனால் 'அந்த ஆண்டின் லீக் சராசரியைவிட எத்தனை சதவீதம் குறைவாக விட்டார்கள்' என்று பார்ப்பதுதான் நியாயம். கணக்கு சுலபம், எக்செல்லில் நீங்களே போடலாம்.

2000 பால்டிமோர் ரேவன்ஸ்: ஆட்டத்துக்கு 10.3 புள்ளிகள். லீக் சராசரி 20.7. வித்தியாசம் 50 சதவீதம்.

2002 டாம்பா பே பக்கனீர்ஸ்: 12.3. சராசரி 21.7. வித்தியாசம் 44 சதவீதம்.

1985 சிகாகோ பேர்ஸ்: 12.4. சராசரி 21.5. வித்தியாசம் 42 சதவீதம்.

2013 சியாட்டில் சீஹாக்ஸ்: 14.4. சராசரி 23.4. வித்தியாசம் 38 சதவீதம்.

அதாவது, காலத்தைச் சரிசெய்த பிறகும் நான்கு அணிகளில் சியாட்டில் நான்காவது. ஒரு சீசனின் புள்ளிக் கணக்கை மட்டும் வைத்து 'எல்லா காலத்திலும் சிறந்தது' என்று சொன்னால் அது செல்லாது.

ஆனால் இரண்டு எண்களை எதிர்ப்பக்கம் வைக்கவேண்டும். ஒன்று, நீடிப்பு. 2012-ல் 245, 2013-ல் 231, 2014-ல் 254, 2015-ல் 277. நான்கு ஆண்டும் தொடர்ந்து லீக்கிலேயே குறைந்த புள்ளிகள். இதற்கு முன் இப்படிச் செய்தது 1950களின் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் மட்டுமே. ரேவன்ஸ், பக்கனீர்ஸ், பேர்ஸ் மூன்றுக்கும் இந்த நீளம் இல்லை.

இரண்டு, பாஸ் தடுப்பு. 2013-ல் எதிரணிகள் சியாட்டிலுக்கு எதிராகப் பாஸ் மூலம் எடுத்தது ஆட்டத்துக்கு 172 யார்டு. வாங்கிய டச் டவுன் பாஸ் 16, எடுத்த இன்டர்செப்ஷன் 28. பாஸ் ஆட்டத்துக்கு விதிகள் மிகவும் சாதகமாக இருந்த காலத்தில், அதையே குறிவைத்து அடக்கிய அணி.

எண்கள் எங்கே ஏமாற்றும்?

சூப்பர் பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேனிங் 49 பாஸில் 34-ஐச் சேர்த்தார், 280 யார்டு. ரிசீவர் டெமேரியஸ் தாமஸ் பிடித்தது 13 பாஸ், அப்போது அது சூப்பர் பவுல் சாதனை. ஸ்கோர் தெரியாமல் இதை மட்டும் பார்த்தால் டென்வர் நன்றாக ஆடியது என்று நினைப்பீர்கள்.

வகுத்துப் பாருங்கள். அந்த 13 பாஸுக்கு 118 யார்டு. ஒரு பாஸுக்கு 9 யார்டு. மேனிங்குக்கு ஒரு முயற்சிக்கு 5.7 யார்டு. சியாட்டில் சின்ன பாஸைப் பிடிக்கவிட்டது, பிடித்த இடத்திலேயே கீழே தள்ளியது. ஆழம் மூடியே இருந்தது. பொறுமையிழந்தபோது தவறு வந்தது. சான்சலர் ஒரு பாஸைப் பறித்தார். ஏவ்ரில் மேனிங்கின் கையைத் தட்ட, மேலே எழும்பிய பந்தை மால்கம் ஸ்மித் பிடித்து 69 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். டெமேரியஸ் தாமஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டவர் மேக்ஸ்வெல். இடைவேளையில் 22-0.

அதே சமயம் 43 புள்ளிகளும் தடுப்பாட்டத்தால் வந்தவை அல்ல. முதல் 2 புள்ளிகள் டென்வர் தன் பந்தைத் தானே தவறவிட்டதால் வந்தன. இரண்டாம் பாதியின் முதல் உதையையே பெர்சி ஹார்வின் 87 யார்டு ஓடி டச் டவுனாக்கினார். அது தனிப் பிரிவின் வேலை.

இன்னொரு ஏமாற்று எண் பூஜ்யம். 2014 சீசனின் முதல் ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸின் ஆரன் ராஜர்ஸ், ஷெர்மன் நின்ற பக்கம் ஒரு பாஸ்கூடப் போடவில்லை. அன்று ஷெர்மனின் புள்ளிவிவரக் கட்டம் கிட்டத்தட்ட காலி. ஆனால் எதிரணி மைதானத்தில் ஒரு பகுதியையே கைவிட்டுவிட்டு ஆடியது, சியாட்டில் 36-16 என்று வென்றது. ஒரு கார்னர்பேக்கின் மிகச் சிறந்த நாள், ஸ்கோர்கார்டில் அவர் வராத நாளாக இருக்கலாம்.

அவர்கள்மீது என்ன குற்றச்சாட்டு?

'ஒவ்வொரு பாஸிலும் ரிசீவரைப் பிடித்து இழுக்கிறார்கள், நடுவர் எல்லாவற்றுக்கும் விசில் ஊத முடியாது என்ற தைரியம்.' இது அடிக்கடி கேட்கும் புகார். 2013-ல் லீக்கிலேயே அதிகத் தண்டனை வாங்கிய அணி சியாட்டில்தான். அந்த எண்ணில் தாக்குதல் ஆட்டத் தவறுகளும் அடக்கம், ஆனாலும் புகாரில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது.

இதைச் சோதிக்க ஒரு வழி தானாகவே கிடைத்தது. 2014-ல் என்எஃப்எல், ரிசீவரைச் சட்டவிரோதமாகத் தொடுவதையும் பிடிப்பதையும் கண்டிப்பாகக் கவனிக்கும்படி நடுவர்களுக்குச் சொன்னது. புகார் மட்டுமே காரணம் என்றால் சியாட்டில் அந்த ஆண்டு சரிந்திருக்கவேண்டும். பாஸ் யார்டு 172-லிருந்து 185.6 ஆனது. கொஞ்சம் கூடியது, ஆனால் அப்போதும் லீக்கில் அதுதான் குறைவு.

நிஜமான பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. 2013 அக்டோபரில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் 34-28 என்று வென்றபோது, டி.ஒய். ஹில்டன் என்ற வேகமான ரிசீவர் 5 பாஸில் 140 யார்டு எடுத்தார், அதில் ஒன்று 73 யார்டு டச் டவுன். தையல்களை வேகத்தால் கிழிக்கலாம் என்று காட்டிய நாள்.

அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் இரண்டாவது ஓட்டையைப் பிடித்தது. டாம் பிரேடி 50 முயற்சியில் 37 பாஸ் சேர்த்தார், 328 யார்டு, பெரும்பாலும் சின்ன பாஸ்கள். சியாட்டிலின் மூன்றாவது கார்னர்பேக் ஜெரமி லேன் முதல் கால்பகுதியிலேயே கை முறிந்து வெளியேறினார். பிறகு ஏவ்ரிலும் தலையில் அடிபட்டு வெளியே. ஷெர்மன், தாமஸ், சான்சலர் மூவருமே காயத்தோடு ஆடினார்கள். கடைசி கால்பகுதியில் 10 புள்ளி முன்னிலை போனது, 28-24 தோல்வி.

திட்டமா, ஆட்களா? மூன்று சோதனைகள்

முதல் கேள்விக்கே வருவோம். ஆய்வுக்கூடம் மாதிரி ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க முடியாது. ஆனால் காலம் தானாகச் சில சோதனைகளைச் செய்துகாட்டியது.

சோதனை ஒன்று: திட்டம் போகிறது, ஆட்கள் போகவில்லை. 2012 வரை ஒருங்கிணைப்பாளராக இருந்த கஸ் பிராட்லி, ஜாக்சன்வில் ஜாகுவார்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நான்கு சீசனில் 14 வெற்றி, 48 தோல்வி. டான் குவின் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போனார். 2016-ல் சூப்பர் பவுல்வரை அழைத்துப்போனார், ஆனால் அந்த சீசனில் விட்ட புள்ளிகள் 406, லீக்கில் 27-வது இடம். அட்லாண்டாவைத் தூக்கிச் சென்றது தாக்குதல் ஆட்டம். வெறும் வரைபடம் போதாது என்பதற்கு இது சாட்சி.

சோதனை இரண்டு: ஆள் போகிறார், திட்டம் போகவில்லை. மேக்ஸ்வெல்லை நினைவிருக்கிறதா? 2015-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை 6 ஆண்டு, 6.3 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. ஒரே சீசன். 2016-ல் மயாமிக்கு மாற்றிவிட்டார்கள். சியாட்டிலில் அவருக்குப் பின்னால் தாமஸ் இருந்தார், பக்கத்தில் ஓரக்கோடு இருந்தது, வேலை தெளிவாக இருந்தது. அது இல்லாத இடத்தில் அதே ஆள் அதே மதிப்புக்கு ஆடவில்லை.

சோதனை மூன்று: நடு ஆள் போகிறார், மற்ற எல்லாம் அப்படியே. 2016 டிசம்பர் 4-ல் தாமஸின் கால் எலும்பு முறிந்தது. அந்த ஆட்டம்வரை 12 ஆட்டங்களில் சியாட்டில் விட்டது 194 புள்ளிகள், சராசரி 16.2. மீதி நான்கு ஆட்டங்களில் 98, சராசரி 24.5. அடுத்த வாரமே கிரீன் பே 38-10 என்று வென்றது, முதல் டச் டவுனே 66 யார்டு பாஸ். நான்கு ஆட்டம் என்பது சின்ன சாம்பிள்தான். அதில் ஒன்றில் ராம்ஸ் அணி 3 புள்ளிதான் எடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் மற்ற மூன்றில் 38, 34, 23.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு பதில் கிடைக்கிறது. கார்னர்பேக் இடத்தைத் திட்டம் நிரப்பியது. பிரவுனர் போனால் மேக்ஸ்வெல், சரியான உடல்வாகும் சரியான பயிற்சியும் இருந்தால் ஆறாம் சுற்று ஆள்கூடப் போதும். நடு சேஃப்டி இடத்தைத் திட்டத்தால் நிரப்ப முடியவில்லை. அங்கே ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டியிருந்தது. திட்டமே அந்த ஆளை நம்பித்தான் எளிமையாக இருந்தது.

இன்னொரு சாட்சியும் உண்டு. 2013-ல் சியாட்டிலின் பயிற்சிக் குழுவில் இருந்த ராபர்ட் சாலா, 2019-ல் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers-இன் தடுப்பாட்டத்தை நடத்தினார். வலுவான முன்வரிசையும் இடது ஓரத்தில் ஷெர்மனும் அமைந்தபோது, லீக்கிலேயே குறைந்த பாஸ் யார்டு, ஆட்டத்துக்கு 169.2. வரைபடம் செத்துப்போகவில்லை, அதற்கேற்ற ஆட்கள் கிடைத்தால் மறுபடி எழுந்து நிற்கிறது.

அப்போ, தீர்ப்பு என்ன?

ஒரே சீசனின் ஆதிக்கம்தான் அளவுகோல் என்றால் 2000 ரேவன்ஸ் மேலே. பயமுறுத்தியதில் 1985 பேர்ஸ். ஆனால் பின்வரிசையை மையமாக வைத்துக் கட்டிய தடுப்பாட்டம், பாஸ் ஆட்டம் கொடிகட்டிய காலம், தொடர்ந்து நான்கு ஆண்டு முதலிடம், அதுவரை இல்லாத தாக்குதல் அணியை இறுதிப்போட்டியில் 8 புள்ளிக்குள் அடக்கியது, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 2013 சியாட்டிலுக்கு இணையாக ஒரு பின்வரிசையைக் காட்டுவது கஷ்டம்.

அடுத்த முறை எந்த விளையாட்டிலாவது 'சிறந்த தடுப்பாட்டம்' என்று யாராவது சொன்னால், நான்கு கேள்வி கேளுங்கள். அந்தக் காலத்தின் சராசரி என்ன? எத்தனை ஆண்டு நீடித்தது? முன்வரிசைக்கு எவ்வளவு பங்கு? யாரை எடுத்துவிட்டால் சரிகிறது? முதல் மூன்றுக்கும் டேபிளில் பதில் இருக்கும். நான்காவதற்கு, ஒருவர் காயம்பட்டு வெளியே உட்கார்ந்த ஆட்டங்களைத் தேடிப் போகவேண்டும்.

2017 நவம்பர் 9-ல் அரிசோனாவில் நடந்த ஒரே ஆட்டத்தில் ஷெர்மனின் குதிகால் தசைநாண் அறுந்தது, சான்சலருக்குக் கழுத்தில் காயம். இருவருமே அதன்பின் சியாட்டிலுக்காக ஆடவில்லை. அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் தாமஸின் கால் மறுபடி முறிந்தது, சியாட்டிலில் அவருக்கும் அதுவே கடைசி ஆட்டம். கேரலின் கவர் 3 பயிற்சிப் புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது. அதை உடைக்க முடியாததாக வைத்திருந்த மூவரும்தான் இல்லை.